பொட்டு விழுந்த சட்டை

இந்திரா நகர், நெய்வேலி
12.6.2016, ஞாயிறு

அன்பு மகள் ஷமாவுக்கு, தனகோடி அம்மா எழுதுவது.

இங்கே நானும் நம் மொழியின் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை. கை அந்த வார்த்தைக்கு வரமாட்டேன் என்கிறது. நீ அந்த ஐதராபாத்தில் நல்லபடியாக இருந்தால் போதும், அதை எங்களுக்கும் சேர்த்து நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதோடு நான் சொல்லப் போவதை நீ உடனே மறுத்துப் பேசுவாய். உன் வாய்க்கு நான் ஈடு கொடுக்க முடியுமா? தாளில் எழுதிவிட்டால் முழுசாகப் படித்துத்தானே ஆகவேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. மொழி அப்பாவுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். கான்ட்ராக்ட் மாறியதில் வேலை போய்விடுமோ என்று பயந்தோம், போகவில்லை. சுரங்கத்துக்குப் போகிறார், வருகிறார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. உன் அம்மா ஷம்சாத் அக்கா அரைப் பழம் கொடுத்தனுப்பினார்கள். சுளையைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கழுவிக் காயவைத்தேன். மொழிக்குத்தான் கொட்டை சுட்டுத் தின்னப் பிடிக்கும், எங்களில் யாரும் தின்பதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இன்னும் முறத்தில் கிடக்கிறது. கொட்டவும் மனசு வரவில்லை.

இனி படத்துக்கு வருகிறேன்.

உன் சினேகிதி மொழி தை மாதம் போனாள். சென்னையிலிருந்து காய்ச்சல் என்று வந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் தாள் தாளாக வரைந்துகொண்டிருந்த கார்ட்டூன் படம் பாதியில் நின்றுவிட்டது, அதை நான் முடிக்கிறேன், அவள் லேப்டாப்பை அனுப்புங்கள் என்று நீ கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை ஷமா. செத்துப்போன பிள்ளையின் கோலத்தை இன்னொரு பிள்ளை வந்து போட முடியுமா என்றுதான் நினைத்தேன். மொழி அப்பாதான் அனுப்பு என்றார்.

நீ முதலில் வாட்ஸப்பில் அனுப்பியதை என் போனில் பார்த்தேன். பனிமூட்டத்துக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது. அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று தெரிகிறது, முகம் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. வாட்ஸப்பில் போனால் படத்தை அமுக்கிவிடும், அது படமே இல்லை, பென்டிரைவ் அனுப்புகிறேன், அத்தா கடையில் போய்ப் பெரிய டிவியில் பாருங்கள் என்று சொன்னாய்.

உன் அத்தா கடையில் நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குக் காய் வாங்க வந்த சனம் எல்லாம் கடைக்குள் வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் அத்தா ஒருத்தரையும் போகச் சொல்லவில்லை. டிவியில் மொழி அப்பா வருகிறார். நடை அவரேதான், இடது தோள் கொஞ்சம் இறங்கின நடை. கொக்கு வருகிறது, வெள்ளைக் கன்றுக்குட்டி வருகிறது, தட்டில் இட்லி வருகிறது. ஒவ்வொரு கோடும் தலைமுடி மாதிரி தெரிகிறது. அப்போது பக்கத்து வீட்டுச் சந்திரகலா இருக்கிறாளே, அவளும் கூட வந்திருந்தாள், என் காதில் சொன்னாள்: "சட்டை இன்னாடி இம்மாம் வெள்ளையா கீது? இன்னா சோப்புடி போட்ட, எனக்கும் சொல்லேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் சுருக்கென்றது. பொட்டைக் காணோம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பொட்டு. கொடியில் துணி காயும்போது சுரங்கத்துக் கரித்தூள் கருப்பாக விழுமே, அதுதான். பொட்டு விழுது, துணியை எடு என்றுதான் சொல்லுவேன். மொழி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அம்மா மாதிரி அப்பா சட்டையும் பொட்டு வச்சிகிச்சா என்று கேட்பாள். அந்தப் படத்தில் சட்டை, கொக்கு, கன்று, இட்லி, எது வெள்ளையோ அதில் எல்லாம் அவள் பென்சில் முனையால் பொட்டு வைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வைப்பாள். ஒரு தாளில் எங்கே வைத்தாளோ அடுத்த தாளில் அதை ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும், அப்போதுதான் சட்டையோடு சேர்ந்து பொட்டும் நடக்கும் என்பாள்.

போன் அமுக்கி அமுக்கித் தின்றிருக்கும் என்று நினைத்தால், பெரிய டிவியிலும் இல்லை. அதனால்தான் அன்று உனக்குப் போன் போட்டு, பொட்டு எங்கே போச்சு பாப்பா என்று கேட்டேன். குறை சொல்ல இல்லை. தெரியாமல்தான் கேட்டேன். நீ சிரித்தாய், உடனே அழுதாய். அதைத் தூசி என்று நினைத்து நீதான் எடுத்தாய் என்று சொன்னாய். உன்கூட வேலை செய்கிற ஆந்திராக்காரப் பெண் வேண்டாம், அது வரைந்தது மாதிரி இருக்கிறது என்று சொன்னாளாம். உனக்கு எங்கள் ஊரைத் தெரியாது, அங்கே ஸ்கேன் எடுத்தால் இப்படித்தான் வரும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு தாள் விடாமல் துடைத்து, துடைத்ததையே பழையதின் மேல் சேமித்தும் வைத்துவிட்டாய். இதற்கு அழுவார்களா? வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது வரைந்ததாகத் தெரியும். நெய்வேலிப் பிள்ளைக்குத்தான் தூசியாகத் தெரியும். நானாக இருந்தாலும் முந்தானையால் துடைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நான் இந்தத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துடைத்த படத்தின் மேல் கம்ப்யூட்டரிலேயே கருப்பாகத் தூவிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னாளாமே. நீ மாட்டேன் என்றாய். அவள் வைத்த பொட்டு வேண்டும், நான் வைக்கிற பொட்டு வேண்டாம் என்று சொல்லி, தாளை எல்லாம் முதலிலிருந்து ஸ்கேன் எடுக்கச் சொன்னாய்.

தகரப் பெட்டியில் இருந்த தாள்களை வேட்டியில் சுற்றி உன் அத்தா கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே நடந்த கூத்தைக் கேள். ஜன்னலைச் சாத்தியாச்சு, ஃபேனையும் நிறுத்தியாச்சு. அக்னி வெயில். உன் அத்தா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கிறார், ஒரு தாள் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி துடைக்கிறார். நீ சொன்ன தெளிவில் எடுத்தால் மெஷின் எறும்பு மாதிரி ஊர்கிறது. ஒரு தாள் முடிவதற்குள் ஒரு டீ குடிக்கலாம். போதும் அண்ணே, இவ்வளவு துடைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"ஊர்த் தூசி வேற, நம்ம பொண்ணு போட்ட தூசி வேற. ரெண்டும் கலந்துச்சுன்னா உம் மவ ஷமா என்னை உசுரோட வுட மாட்டா தங்கச்சி."

பெற்ற அப்பாவே உன்னை என் மகள் என்றுதான் சொன்னார், வாய் தவறிச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது பென்டிரைவ் போன வாரம் வந்தது. மொழி அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வரமாட்டேன் என்றவர், ஷிப்ட் முடிந்து அந்த உடுப்போடேயே வந்துவிட்டார். ஷமா, அந்தச் சட்டையில் பொட்டு நடந்தது. அவர் கையைத் தூக்கினால் பொட்டும் மடிப்புக்குள் போய் மறுபடி வருகிறது. கொக்கு தலையைத் திருப்புகிறது, கழுத்தில் ஒன்று, ரெக்கையில் ஒன்று. பென்சில் தாளில் உரசின சொரசொரப்பு கூடத் தெரிகிறது. நான் டிவிக்குக் கிட்டே போய்க் கை வைத்துப் பார்த்தேன். உன் அத்தா தடுக்கவில்லை. எங்கெங்கே அவள் அழுத்தினாள், எங்கே மெல்லத் தொட்டாள் என்று கையைப் பிடித்துக் காட்டின மாதிரி இருந்தது. எப்படி இதைக் காப்பாற்றிக் கொண்டு வந்தாய்? ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, ராத்திரி கண் விழித்து, தாள் தாளாக மறுபடி வண்ணம் கொடுத்து. மேகலையோ என்னவோ உன் ஆந்திரா சினேகிதி பேர், அவள் கையையும் நான் பிடித்துக்கொண்டதாகச் சொல்.

மொழி வரைந்த கதை மகளின் பள்ளிக்கூட விழாவோடு நின்றுவிட்டது. அப்பா பொட்டு விழுந்த சட்டையோடு கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே போகிறார், பார்த்தால் அங்கே வந்த எல்லா அப்பாவின் சட்டையிலும் பொட்டு. அதற்கு மேல் அவளுக்கு நாள் இல்லை. முடிவை நீதான் வரைந்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் படத்து மகள் அப்பா தோளில் சாய்ந்து தூங்குகிறாள். வீடு வந்ததும் எழுந்திருக்கிறாள். சட்டையிலிருந்து ஒரு பொட்டு அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொழி அப்பா வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். அவள் கோடு எங்கே முடிந்தது, உன் கோடு எங்கே ஆரம்பித்தது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

இப்போது நீ கேட்ட விஷயம். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பாக இருந்தால் சொல். அடுத்த மாதம் டவுன்ஷிப்பில் நடக்கிற குறும்படப் போட்டிக்குப் படம் இத்தனை எம்.பி. எடைக்குள் இருக்க வேண்டும். நம் படம் அதற்கு மேல் போகிறது. நிற்கிற படத்துக்கு எடை குறைவு, ஓடுகிற படத்துக்கு அதிகம், அதிலும் திரை முழுக்கத் தூள் பறக்கிற காட்சி ஒன்று மட்டுமே மற்ற எல்லாம் சேர்ந்த அளவுக்குத் தின்கிறது. அது நான் வருகிற காட்சி. முழுப் படத்தையும் நன்றாக அமுக்கினால் எல்லாக் காட்சியும் இருக்கும், ஆனால் எல்லாம் மங்கிவிடும். இல்லை என்றால் நீ வரைந்த முடிவை வெட்டிவிட்டு, மீதியைக் கொஞ்சமாக அமுக்கலாம், கொஞ்சம் அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னாய். படம் அவள் கையாலேயே முடியட்டும், என் கை எதற்கு அம்மா என்று கேட்டாய். அங்கேதான் நான் போனை வைத்தேன்.

போட்டியே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் திடலில் படம் போடும்போது அவள் கடைசியில் நின்று பார்ப்பாள். ஒரு வருஷம் அங்கேயே என்னிடம் சொன்னாள்: "எம் படம் ஓடற அன்னிக்கி நீ மொத வரிசையில குந்தணும்மா." அவள் ஆசைப்பட்டது அந்தத் திரை. அதனால் போட்டிக்கு அனுப்பத்தான் வேண்டும்.

அமுக்கவும் கூடாது. கொஞ்சம் கூடக் கூடாது. அமுக்கினால் முதலில் போவது சின்னதுதான் என்று நீயே சொன்னாய். பஸ் போகாது, கொக்கு போகாது, பொட்டுதான் போகும். ஒரு தடவை போனதை நீ எவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் தானே என்று இன்னொரு தடவை போக விடாதே.

நீ வரைந்த முடிவை எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் வந்து பார்க்க மாட்டேன். இதில் பேச்சே இல்லை.

என் காட்சியை எடுத்துவிடு.

இதை நான் லேசாக எழுதவில்லை ஷமா. அந்தக் காட்சியை உன் அத்தாவிடம் கேட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கொட்டுகிற தூளுக்குள் துணியை வாரிக்கொண்டு ஓடுகிறேன், ஓடும்போது சிரிக்கிறேன். அப்படி நான் எப்போது சிரித்தேன், அவள் எங்கேயிருந்து பார்த்தாள் என்று தெரியவில்லை. என்னை யாரும் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லாமலும் கதை நடக்கும். சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறது இருக்கிறது, அப்புறம் அவர் போட்டுக்கொண்டு கிளம்புகிறது இருக்கிறது. நடுவில் பொட்டு எங்கேயிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன். என்னைப் பார்க்க வேண்டியவர்கள் இந்திரா நகருக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எடுத்ததை அழித்துவிடாதே. அமுக்காமல், அவள் வரைந்தது வரைந்தபடி, தனியாக வைத்திரு. அது எனக்கு.

இவ்வளவும் எழுதிவிட்டு மொழி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ இல்லாத படத்த வச்சிகினு நான் இன்னா பண்றது" என்று கேட்டார். இந்த நாலைந்து மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசினது இதுதான். சட்டையில் பொட்டு இல்லாமல் உங்களைத் திரையில் பார்த்தால் யாரோ வெளியூர் ஆபீசர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று மட்டும் சொன்னேன். வாய்க்குள் சிரித்தார். அப்புறம் கடிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், படம் முடிந்ததும் பேர் போட்டதே, அதில் மொழி பேர் மட்டும்தானே இருந்தது, ஷமா பேர் எங்கே என்று கேட்டார். அது போடவில்லை, அவளே வேண்டாம் என்று விட்டிருப்பாள் என்றேன்.

"போடச் சொல்லு. மொழி பேருக்குக் கீழ இல்ல, பக்கத்துல."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நானாக எதுவும் சேர்க்கவில்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ அவர் பேச்சைத் தட்ட மாட்டாய்.

கடைசி நாள் நெருங்குகிறது என்பதால் உன் அத்தா இதைக் கூரியரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்ததும் சரி என்று ஒரு வார்த்தை மட்டும் போனில் சொல். வேறு பேசினால் வைத்துவிடுவேன்.

இன்னும் ஒன்று. பெருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று ஷம்சாத் அக்கா வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மொழி போன அன்று நீ ரயில் ஏறி வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் நீ ஊருக்கே வரவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நாங்களும் அப்படித்தான் தெருவில் எல்லாரையும் பார்த்துத் தயங்கினோம், பழகிப்போச்சு. நீ வா. முதலில் உங்கள் வீட்டுக்குப் போ, அதுதான் முறை. தொழுகை முடியட்டும், உன் அம்மா கையால் பிரியாணி சாப்பிடு, வயிற்றில் கொஞ்சம் இடம் மட்டும் விட்டுவை. பிறகு இங்கே வந்து ஒரு ராத்திரி தங்க வேண்டும். அவள் பாய் தலையணை எல்லாம் அப்படியே இருக்கிறது, வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறேன். உன் அம்மாவிடம் நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் பெற்றவர்கள், ஒரு ராத்திரிக்குத் தருவார்கள்.

கண்ணை ரொம்பக் கெடுத்துக்கொள்ளாதே. நோன்பு திறக்கிற நேரத்திலாவது அந்தப் பெட்டியை விட்டு எழுந்திரு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நூறு வயசு வரைய வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தனகோடி அம்மா